பல் வெண்மை: வீட்டிலா, டாக்டரிடமா?

முன்பெல்லாம் பல் டாக்டரின் வாசலில் தொங்கும் பலகையில் பல் எடுத்தல், அடைத்தல், கட்டுதல் என்ற மூன்று மட்டுமே எழுதியிருக்கும். இன்று பெங்களூரில் எந்தப் பெரிய சாலையில் நடந்தாலும் "பல் வெண்மையாக்கப்படும்" என்ற வாசகம் கண்ணில் படுகிறது. பல் டாக்டரின் வாசலில் மட்டுமல்ல, சில அழகு நிலையங்களின் கதவிலும் அதே வாசகம் உள்ளது. செல்போனைத் திறந்தால், நீல விளக்கு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு புன்னகை செய்யும் பெண்ணின் படம். சில நூறு ரூபாய்ப் பெட்டி. ஏழே நாளில் முத்துப் பல்! இத்தொழில் வளர்ந்திருக்கிறது என்பதற்குப் புள்ளிவிவரம் தேட வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

இதை வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதால்தான் இங்கே எழுதுகிறோம். பெங்களூரில் வேலைகள் மாறிவிட்டன. முன்பு நம்மவர்கள் கோலார் சுரங்கத்துக்கும், பின்னி மில்லுக்கும், பொதுத்துறைத் தொழிற்சாலைகளுக்கும், கட்டட வேலைக்கும் வந்தார்கள். அங்கே கையைப் பார்த்தார்கள். பல்லைப் பார்த்தவர் இல்லை. இன்றோ துணிக்கடை, ஓட்டல் வரவேற்பு, வணிக வளாகம், ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர், வங்கிக்கு ஆள் பிடிக்கும் வேலை என்று முகம் காட்டிப் பிழைக்கும் வேலைகள் பெருகியுள்ளன. இந்த வேலைகளுக்குச் சிரிப்பு ஒரு கருவி. அந்தச் சிரிப்பில் கறை இருந்தால், வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் வேலை கிடைக்காது.

அண்மையில் பொம்மசந்திராவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்த இளைஞர் ஒருவருடன் பேச்சு வந்தது. தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. கடையில் விற்பனைப் பிரிவுக்குப் போக ஆசை. பேசும்போதெல்லாம் கை தானாக மேலெழுந்து உதட்டை மறைத்தது.

"ரெண்டு தடவை பெட்டி வாங்கிப் போட்டுட்டேண்ணா. மஞ்சள் கொஞ்சம் போன மாதிரி இருந்துச்சு. பழுப்பு மட்டும் அப்படியே நிக்குது. டாக்டர்கிட்ட போனா போயிடுமா?"

"ஊர்ல சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்சீங்க தம்பி?"

"போர் தண்ணிதாண்ணா. வேற ஏது?"

அவர் கேட்டது, வீட்டில் செய்துகொள்வதா, டாக்டரிடம் போவதா என்ற கேள்வி. பத்திரிகைகளும் விளம்பரங்களும் இதே கேள்வியைத்தான் எழுப்புகின்றன. ஆனால் இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கறை எப்படி வந்தது, பல்லின் எந்தப் பகுதியில் இருக்கிறது? அதற்கு விடை தெரியாமல் வீட்டிலும் பணம் செலவழிக்கலாம், டாக்டரிடமும் செலவழிக்கலாம், இரண்டும் வீணாகலாம்.

நிறம் எங்கே இருக்கிறது?

பல்லின் மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். எனாமல் போனால் போனதுதான், மீண்டும் வளராது. இது ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மையுடையது, பனி படர்ந்த கண்ணாடி போல. அதன் அடியில் டென்டின் என்னும் பகுதி உள்ளது. அதன் இயற்கை நிறமே இளமஞ்சள். நாம் வெளியிலிருந்து காணும் பல் நிறத்தில் பெரும் பங்கு இந்த டென்டினுடையது. வயதாக ஆக எனாமல் தேய்ந்து மெலிகிறது. டென்டின் தடித்துக் கருக்கிறது. ஆகவே நாற்பது வயதுக் குமாஸ்தாவின் பல், அவருடைய பத்து வயது மகனின் பல்லைப் போல இல்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல் வெளுத்த பல், சினிமா நடிகர்களிடம் காண்பது, இயற்கையானது அல்ல.

கறைகளில் ஒரு வகை மேலே படிவது. டீ, காப்பி, வெற்றிலைபாக்கு, பீடி, சிகரெட் இவற்றால் வருவது. இரண்டாம் ஷிப்டும் இரவு ஷிப்டும் பார்ப்பவர்கள் ஒரு நாளில் எத்தனை டீ குடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், கறை ஏன் சேர்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். வாய் கொப்பளிக்க டாக்டர் எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தை நெடுநாள் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை படியும். இந்த வகைக்கு வெளுக்கும் மருந்தே தேவையில்லை. பல் டாக்டர் கருவியால் காறையைச் சுரண்டி, மெருகேற்றிவிட்டால் போய்விடும். இதற்குத்தான் ஸ்கேலிங் என்று பெயர். பல்லை வெண்மையாக்கிக்கொள்ள வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு இதுவே போதுமானது. இதைச் சொல்லிவிட்டால் பெரிய சிகிச்சைக்கான கட்டணம் கிடைக்காதே என்று தயங்குபவர்களும் தொழிலில் உண்டு.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற அச்சம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. உண்மை நேர்மாறானது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே கல்லைப் போல் இறுகிய காறை, ஈறைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது. காறையை எடுத்தபின், அது அடைத்திருந்த இடைவெளி தெரிகிறது. நாக்கால் தடவினால் புதிதாக ஏதோ பள்ளம் விழுந்தது போல் தோன்றுகிறது. பள்ளத்தை உண்டாக்கியது காறையே தவிர டாக்டர் அல்ல.

இரண்டாவது வகை, பல்லுக்கு உள்ளேயே இருக்கும் கறை. அடிபட்டு உயிர் இழந்த பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாக மாறுவது உண்டு. குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு, அல்லது கர்ப்ப காலத்தில் தாய் அதைச் சாப்பிட்டிருந்தால், சாம்பலும் பழுப்புமாகப் பட்டைகள் தோன்றும். மூன்றாவதாக, தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு. பென்னாகரம் இளைஞரின் பல்லில் இருந்தது இதுவே. இதற்குப் பின்னர் வருவோம்.

டாக்டரின் நாற்காலியில்

பல்லை வெளுக்கும் மருந்து எங்கே செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை மெல்ல மெல்ல வெளியிடும் கார்பமைட் பெராக்சைடு. இது எனாமலின் வழியே உள்ளே சென்று, நிறம் தரும் பொருள்களை ஆக்சிஜனால் உடைத்து வெளுக்கச் செய்கிறது. வேறுபாடு இருப்பது வீரியத்திலும், நேரத்திலும், கண்காணிப்பிலும்தான்.

டாக்டரிடம் பயன்படுவது 25 முதல் 40 சதவிகிதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள ஜெல். இவ்வளவு வீரியமானது ஈறில் பட்டால் வெந்துபோகும். ஆகவே முதலில் ஈறு முழுவதையும் ஒரு பிசினால் மூடி, உதட்டையும் கன்னத்தையும் விலக்கி, அதன் பின்னரே பல்லில் தடவுகிறார்கள். ஒரு மணி நேர அளவில் வேலை முடிகிறது. சிலருக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும். கட்டணம் பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய தொகையல்ல.

நாற்காலியிலிருந்து எழுந்து கண்ணாடி பார்க்கும்போது தெரியும் வெண்மையில் ஒரு பகுதி கடன் வாங்கிய வெண்மை. அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருந்ததால் பல் உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த பல் கூடுதலாக வெளுத்துக் காட்டும். ஓரிரு நாளில் ஈரம் ஏறியதும் நிறம் சற்று இறங்கும். "ஏமாற்றிவிட்டார்" என்று டாக்டருடன் சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதை முன்கூட்டியே சொல்வது டாக்டருக்கும் நல்லது. நீல விளக்கின் கதையும் இப்படியே. விளக்கு காட்டுவதால் நிலைத்த பலன் கூடுகிறது என்பதை ஆராய்ச்சிகள் உறுதி செய்யவில்லை. வேலை செய்வது ஜெல். விளக்கு பெரும்பாலும் அலங்காரம். இருநூறு ரூபாய்ப் பெட்டியில் வரும் பொம்மை விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிகிச்சைக்குப் பின் சில நாள்களுக்குப் பல்கூச்சம் இருப்பது சகஜம். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் சொத்தைப் பல்லோ, வெடிப்போ, தேய்ந்த வேரோ இருந்து அதைக் கவனிக்காமல் மருந்து தடவினால், இரவெல்லாம் தூங்க முடியாத வலி வரும். அடைப்பு, செயற்கைப் பல், மேலே பொருத்திய உறை இவற்றின் நிறம் மருந்தால் மாறாது. முன்பல்லில் பழைய அடைப்பு இருப்பவர், சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் அடைப்பு மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரிவதைக் கண்டு திகைப்பார். அதை மாற்ற இன்னொரு செலவு.

வீட்டு முறை ஒன்றல்ல, இரண்டு

"வீட்டில் செய்துகொள்வது" என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறார்கள். குழப்பத்தின் ஊற்றுக்கண் இதுவே.

முதலாவது, டாக்டர் கொடுத்து வீட்டில் செய்வது. இதன் பிறப்பே தற்செயலானது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் பல் சீரமைப்பு டாக்டர் ஒருவர், ஈறுப் புண் ஆறுவதற்காகப் பெராக்சைடு மருந்தை இரவில் பல் அச்சில் இட்டுப் பொருத்திக்கொள்ளும்படி நோயாளிகளுக்குச் சொன்னார். புண் ஆறியதோடு பல்லும் வெளுத்திருந்தது. பல ஆண்டுகள் ஒரு சில டாக்டர்களுக்குள்ளேயே இருந்த இச்செய்தியை, 1989-இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் முறைப்படி எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. டாக்டர் நம் பல்வரிசைக்கு அச்செடுத்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு செய்து தருகிறார். அதில் பொட்டுப் பொட்டாக ஜெல்லை இட்டு இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். சாதாரணமாக 10 சதவிகிதக் கார்பமைட் பெராக்சைடு. இதிலிருந்து வெளிப்படுவது சுமார் மூன்றரை சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு மட்டுமே. இரண்டு வாரத்தில் பலன் தெரியும். வேகம் குறைவு. ஆனால் முடிவில் கிடைக்கும் வெண்மை நாற்காலி முறைக்கு இளைத்ததல்ல; கூச்சமும் குறைவு; செலவும் குறைவு. மறுபடியும் மங்கினால் அதே தகட்டை எடுத்து, ஜெல் மட்டும் வாங்கிச் சில நாள் போட்டுக்கொள்ளலாம். வெளுக்கும் மருந்தே தேவைப்படுகிறது என்று முடிவான பின், அவசரமில்லாதவருக்கு இதுவே உகந்தது என்பது நம் கருத்து. அடுத்த வாரம் கல்யாணம் என்பவரின் நிலை வேறு.

இரண்டாவது, கடையிலோ செல்போன் மூலமாகவோ வாங்கும் பெட்டி. இதில் வரும் தகடு எல்லோருக்கும் ஒரே அளவு. செருப்புக்குக்கூட எண் பார்த்து வாங்குகிறோம்! பொருந்தாத தகட்டிலிருந்து ஜெல் வழிந்து ஈறில் படுகிறது; எச்சிலோடு வயிற்றுக்குள் போகிறது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவிகிதம் என்பது எல்லாப் பெட்டியிலும் தெளிவாக அச்சிடப்பட்டிருப்பதில்லை. வீரியம் குறைந்த பெட்டி பயன் தராது. கூடிய பெட்டி தீங்கு தரும். எது எது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்தை இருக்கிறதா என்று பெட்டி வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

இதனினும் மலிவான கைமுறைகள் வீட்டுக்கு வீடு உலவுகின்றன. எலுமிச்சம்பழச் சாற்றைச் சோடா உப்புடன் கலந்து தேய்ப்பது, அடுப்புக்கரி, செங்கல் பொடி, சாம்பல். எலுமிச்சைச் சாறு கடும் அமிலம். அது எனாமலை இளக்குகிறது. இளகிய எனாமலைத் தேய்க்கும்போது அரைபட்டுப் போகிறது. அப்போதைக்குப் பளிச்சென்று இருக்கும். எனாமல் தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின்தான் மேலும் துலங்கும். வெளுக்கப் போய் மஞ்சளாக்கிக்கொண்டவர் ஆவோம். நம் பாட்டிமார் தூக்கியெறியச் சொன்ன கரிக்கட்டை இன்று அழகிய டப்பாவில் திரும்பி வந்து அதிக விலைக்கு விற்கிறது. கரி கலந்த பற்பசைகள் வெண்மை தருவதற்கோ, பாதுகாப்பானவை என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்று 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை கூறியது.

பல்பொடியில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. 1997-இல் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. தடை காகிதத்தில் இருக்கும்போதே, வறுத்த புகையிலைத் தூளை விரலில் தொட்டுப் பல்லில் தேய்க்கும் வழக்கம் பெண்களிடையேகூட இன்னும் போகவில்லை. பல் வெளுக்கும், வலி போகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வெளுப்பது கிடக்கட்டும், அது வாய்ப் புற்றுக்கு இடும் விதை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய நாடுகள் இதில் கண்டிப்பானவை. 2012 அக்டோபர் முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதிப்படி, 0.1 சதவிகிதத்துக்கு மேல் 6 சதவிகிதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருள்களைப் பல் டாக்டர்களுக்கு மட்டுமே விற்கலாம். முதல் முறை டாக்டரின் கையாலோ நேர்ப் பார்வையிலோ பயன்படுத்தப்பட வேண்டும். அதற்குப் பிறகே வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். 18 வயது நிரம்பாதவருக்குக் கூடாது. 6 சதவிகிதத்துக்கு மேல் அறவே கிடையாது. பல்லை வெளுப்பது பல் மருத்துவத் தொழிலே என்று 2013-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழகு நிலையங்கள் அங்கே இத்தொழிலைச் செய்ய முடியாது போனதற்கு அத்தீர்ப்பு ஒரு காரணம்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வதைக் குற்றமாக்கியது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வைத்த அபராதம் 500 ரூபாய். 1948-இல் அது பெருந்தொகை. பல ஆயிரம் வாங்கிக்கொண்டு வாயில் ஜெல் தடவும் இன்றைய அழகு நிலையத்துக்கு அது எந்த மூலைக்கு? அச்சட்டத்துக்குப் பதிலாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் புதியதானாலும் பழையதானாலும், அழகு நிலையத்துக்குள் நுழைந்து யார் தடவுகிறார்கள், எதைத் தடவுகிறார்கள் என்று பார்க்கும் அதிகாரி வந்தால் அல்லவா பயன்?

விளம்பரங்களின் மீது ஓரளவு கை நீண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம், பல்கூச்சத்துக்கான பற்பசை ஒன்றின் விளம்பரங்கள் தவறான எண்ணம் தருபவை என்று 2022-இல் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பெரிய நிறுவனங்களுக்கு இது எச்சரிக்கை. பெயரும் முகவரியும் இன்றிப் பெட்டி விற்பவனை எங்கே தேடுவது? பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், மருந்தின் பெயர், சதவிகிதம் இவை இல்லையென்றால் அதை வாங்காதிருப்பதே வழி. வாங்கி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

தருமபுரித் தண்ணீர்

பென்னாகரம் இளைஞரிடம் திரும்புவோம். பாறைகளில் உள்ள ஃபுளோரைடு, ஆழத்து நீரில் கரைந்து வருகிறது. பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயது வரை, அந்த நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தையின் எனாமல் சரியாக இறுகுவதில்லை. முதலில் சுண்ணாம்புத் திட்டுகள்; கடுமையானால் பழுப்பு, குழிகள். எட்டு வயதுக்குப் பின் அதே ஊரில் குடியேறியவருக்குப் பல் கறை வராது. இதைப் பரம்பரை என்றும், பல் துலக்காத சோம்பல் என்றும் ஏசுவது பெரும் அநியாயம். எவ்வளவு துலக்கினாலும் அது போகாது, ஏனெனில் அது அழுக்கு அல்ல.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-இல் சென்ற மெக்கே என்ற இளம் பல் டாக்டர், அவ்வூர்க்காரர்களின் பழுப்புப் பல்லைக் கண்டு காரணம் தேடத் தொடங்கினார். குற்றவாளி ஃபுளோரைடுதான் என்பது 1931-இல் தெளிவாயிற்று. இந்தியாவில் அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் இருப்பது 1937-இல் எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம். கர்நாடகத்தில் கோலார், துமகூரு, சித்ரதுர்கா. பெங்களூருக்குப் பிழைக்க வருபவர்களில் இப்பகுதியினர் எவ்வளவு பேர் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் தரும் ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு நோய்த் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. 2008-இல் அதன்பேரில் பெங்களூரில் எழுந்த கொந்தளிப்பையும், தமிழ்ப் படங்கள் தியேட்டரிலிருந்து எடுக்கப்பட்டதையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று இரு பக்கத்திலும் நதியின் உரிமையைப் பற்றிப் பேசினார்கள். குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் பற்றிப் பேசியவர்கள் குறைவு. திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-இல் நீர் வரத் தொடங்கியது. அப்போது எட்டு வயதைக் கடந்திருந்தவர்களுக்கு அது பல்லைப் பொறுத்தவரை காலம் கடந்து வந்த நீர். இன்று பொம்மசந்திராவிலும் பீனியாவிலும் ஷிப்டுக்கு நிற்கும் இளைஞர்கள் அவர்களே.

இவர்களுக்கு வெளுக்கும் மருந்து என்ன செய்யும்? லேசான மஞ்சளும் வெள்ளைத் திட்டுமாக இருந்தால், சுற்றியுள்ள பகுதி வெளுத்து வித்தியாசம் ஓரளவு மறையும். தொடக்கத்தில் சில நாள் திட்டுகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிவதும் உண்டு. ஆழ்ந்த பழுப்புக்கு அது மட்டும் போதாது. அதற்கு டாக்டர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அளவான அமிலத்தையும் நுரைக்கல் பொடியையும் சேர்த்து எனாமலின் மேல்தோலை மயிரிழை அளவுக்கு மட்டும் தேய்த்து எடுப்பது ஒன்று. திட்டுகளுக்குள் பிசினை ஊற வைப்பது மற்றொன்று. குழி விழுந்த பல்லுக்கு, பல் நிறப் பூச்சால் முன்புறத்தை மூடுவது. எதற்குப் பின் எது என்பதைப் பல்லைப் பார்த்தவரே சொல்ல முடியும். அமிலம் என்றதும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை நினைத்துவிடக் கூடாது. அப்படியும் முயன்று பார்த்தவர்கள் உண்டு என்பதால் எழுத வேண்டியிருக்கிறது.

ஆக, அந்த இளைஞர் இரண்டு பெட்டிக்குச் செலவழித்தது முழுவதும் வீண். நேராக அழகு சிகிச்சை மையத்துக்குப் போய்ப் பல ஆயிரம் கொடுத்து வெளுக்கும் மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அதிலும் பெரும்பகுதி வீணாகியிருக்கும்.

எங்கே போவது?

பல் டாக்டர் என்றாலே கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் என்று நினைக்க வேண்டாம். கே.ஆர். மார்க்கெட் அருகே விக்டோரியா ஆஸ்பத்திரியை ஒட்டி, 1958 முதல் இயங்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் வெளியில் உள்ளதைவிட மிகக் குறைவு. நேரம் ஆகும்; அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும்; கன்னடம் சற்றுத் தடுமாறினாலும் காரியம் நடக்கும். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் பல் எடுப்பதற்கும் அடைப்பதற்கும் அங்கே போகலாம். அழகுக்காகச் செய்வதைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை.

போனால் வாய் முழுவதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் 2013-இல் குட்கா தடை செய்யப்பட்டது. தடைக்குப் பிறகு பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து வாங்கிக் கையில் கலக்கிறார்கள். இரவு ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க இதைக் கன்னத்தில் அடக்கிக்கொள்பவர்களுக்கு நாளடைவில் வாய் திறப்பது குறுகிவரும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாது போகும். கன்னத்தில் வெள்ளைப் படலமோ, ஆறாத புண்ணோ இருக்கலாம். இவை வலிக்காது. கண்ணாடியில் முன்பல்லை மட்டும் பார்த்துக் கறைக்காகக் கவலைப்படுகிறவர், கன்னத்தின் உட்புறத்தைப் பார்ப்பதில்லை. கறையைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் இதைக் கண்டுபிடித்துவிட்டால், வெளுக்கும் சிகிச்சை செய்தாலென்ன, செய்யாவிட்டாலென்ன? கடைப் பெட்டியோடு வீட்டிலேயே இருந்துவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

செய்துகொள்வதென்று முடிவு செய்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வெண்மை நிரந்தரமல்ல. சில மாதம் முதல் ஓரிரண்டு ஆண்டுகள் வரை. டீயும் பீடியும் தொடர்ந்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். கடன் வாங்கிச் செய்துகொள்வதற்குரிய விஷயம் இதுவல்ல. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும்.

பெங்களூரின் எல்லையோரப் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களின் குழந்தைகள் இன்று எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகக் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய் எட்டாத இடங்களில் போர்வெல்லும் லாரித் தண்ணீருமே கதி. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டுவதால் செறிவு கூடவே செய்யும். இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. ஆர்.ஓ. முறையில் வடிகட்டினால் பெருமளவு குறைந்துவிடும். நாணயம் போட்டுக் குடம் நிரப்பும் சுத்த நீர் நிலையங்களில் பெரும்பாலும் இந்த முறையே. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் போர்வெல் நீரை உபயோகிப்பவர்கள், ஒரு பாட்டில் நீரை அரசுப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்திலோ, தகுதி பெற்ற தனியார் கூடத்திலோ கொடுத்து, ஃபுளோரைடு எவ்வளவு என்று குறிப்பிட்டுக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான கட்டணம் பல் வெளுக்கும் பெட்டியின் விலையைவிடப் பெரிதாக இராது.